எண்டெபேயிலிருந்து ஜூபாவுக்குப் பத்து நிமிடம்

ரோல்லா, ஷார்ஜா
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் எழுதித் தொடங்கலாம் என்று போனில் தட்டித் தட்டி அழித்துவிட்டேன். நிச்சயம் முடிந்து இத்தனை மாதமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் இப்படியே தொடங்குகிறேன். நான் நலம். உங்கள் உடம்பும் எண்டெபே கொசுவும் இப்போதாவது சமாதானமாகிவிட்டனவா?

பேசாமல் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். அறையில் நாங்கள் ஆறு பெண்கள். நான் போனைக் காதில் வைத்தால் மற்ற ஐந்து பேரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நீங்களோ என் வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டு, கையில் ஸ்பானரோடு, கேப்டனும் லோடு ஏற்றுகிறவர்களும் சுற்றி நிற்கக் கேட்கிறவர். எழுத்து என்றால் நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கள் தங்கை ஜெஸி கூப்பிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் நமக்கு முதல் ஓலை வாசிக்கலாம் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டாராம். மூன்று வாரம் நம் இரண்டு பேர் பெயரையும் கோயிலில் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள் அல்லவா, அதை நினைத்து எனக்கு இப்போதே கை வியர்க்கிறது. ஊரே என் பெயரைக் கேட்கப்போகிறது. நல்லவேளை, நான் அங்கே இருக்கமாட்டேன்.

மாமி நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் குடும்ப குரூப்பில் போட்ட விமான அட்டவணையை ஜெஸி வாசித்துக் காட்டியிருக்கிறாள். எண்டெபேயில் காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, ஜூபாவில் ஒன்பது பத்துக்கு இறக்கம். அவ்வளவுதான், மாமி பெண்கள் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். “எனக்க மவன் ஒரு நாட்டுலேருந்து இன்னொரு நாட்டுக்குப் பத்து நிமிஷத்துல போறான். நமக்குக் குளச்சலுக்கு பஸ் ஏறுனாலே அதுக்கு மேல ஆவும்.” மாமாவைக் கடலில் பறிகொடுத்தவர்கள், மகன் பத்து நிமிடத்துக்கு மேல் ஆபத்தில் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஜூபாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, உண்மையில் அது ஒரு மணி பத்து நிமிடம் என்று ஜெஸியிடம் நான் சொல்ல வாயெடுத்தேன். பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம், நம் கம்பெனியின் சரக்கு விமானத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்கிறவர்களுக்கு எழுதி அனுப்புவது. எண்டெபே–ஜூபா, ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் இப்போது கேட்கப்போவதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கோபப்படக் கூடாது.

மெக்கானிக்காக ஏறும்போதெல்லாம், விமானம் கிளம்பும் முன் “ஏறியாச்சு” என்று அனுப்புகிறீர்கள். தரை தொட்டதும் “எறங்கியாச்சு”. நாம் அதிகம் பேசிக்கொள்வதே இந்த இரண்டு வார்த்தைதான். ஆரம்பத்தில் முதல் வார்த்தைக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும். நான் டீ குடித்துவிட்டு வந்தால் நீங்கள் இறங்கியிருப்பீர்கள். கொஞ்ச நாளாக ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம். அதுவும் திரும்ப எண்டெபேக்கு வந்த பிறகுதான் வருகிறது. ஜூபாவில் வைஃபை கெட்டுப்போய்விட்டது என்றீர்கள். சரி என்று நம்பினேன். கடிகார வித்தியாசமாக இருக்குமோ என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் என் போன் எப்போதும் ஷார்ஜா நேரத்தைத்தான் காட்டுகிறது. அதற்கு இரண்டு ஊர்க் கடிகாரமும் தெரியாது.

அறையில் மூத்தவரான சுகிர்தராணி அக்கா, நாகர்கோவில் நர்ஸ், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “என்னட்டி, மாப்பிள்ள எறங்குன எடத்துல வேற யாரும் சாப்பாடு போடுறாளா? ஏழு மணி நேரம் என்ன சாப்பாடு அது?” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். அப்படி இருந்தால்கூட நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்றால் நம்புவீர்களா?

ஏனென்றால் கணக்குப் பிரிவில் இருக்கும் ஹிஃப்ஸா நேற்று எரிபொருள் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். ஒரு மணி நேரத் தூரத்துக்கு இந்தக் கிழட்டு விமானம் இவ்வளவா குடிக்கும், எங்கேயாவது ஓட்டையா என்று என்னிடம் கேட்டாள். இன்னொன்றும் இருக்கிறது. புதிதாக டயர் மாற்றினேன் என்று ஒரு படம் அனுப்பினீர்களே, அதில் பழைய டயரின் வெட்டுக்குள் மணல் நிறைந்திருக்கிறது. ஜூபா முழுக்கச் செம்மண், சட்டையில் பட்டால் போகாது என்று சொன்னது நீங்கள்தான். அந்த மணல் வெளுத்துக் கிடக்கிறது. கடற்கரையில் பிறந்தவளுக்கு மணல் தெரியாதா?

நான் சந்தேகப்படவில்லை. பயப்படுகிறேன். நடுவில் இருக்கும் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? எனக்கு அது மட்டும் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மலேரியா மாத்திரையை விடாதீர்கள்.

ஜெஸ்மி


ரோல்லா, ஷார்ஜா
வியாழக்கிழமை மாலை

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் இதைப் படியுங்கள். உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறார்கள். இன்று காலைகூட என்னோடு பேசினார்கள், நேற்று என்னைத் திட்டவும் செய்தார்கள். யார் என்ன சொல்லியிருந்தாலும், எந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் அது உண்மை இல்லை. இதை இரண்டு தடவை படித்து, மூச்சு விட்டுவிட்டு, பிறகு மீதியைப் படியுங்கள். அழுது முகம் வீங்கியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் ஜெபசீலன் அண்ணன். உங்களுக்குத் தெரிந்தவர்தான், இரண்டாவது மெக்கானிக்காக அங்கே அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் இங்கே ஏறி, அடிஸ் அபாபாவில் மாறி, அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் எண்டெபேயில் இறங்குவார். சட்டைக்குள் வைத்துக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டீர்கள். எடுத்ததும், “நீ பி.எஸ்சி. மேத்ஸ் படிச்சது எனக்குக் கணக்கு பாக்கதுக்கா?” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பிறகு நீங்கள் சொன்னதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். ஜூபா பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது, அதைத் தாண்டி வடக்கே போகிறோம், எந்த ஊர் என்று கேப்டனுக்கு மட்டும் தெரியும் என்றீர்கள். டவர் கிடையாது, ஒரு மணல் பாதை, பக்கத்தில் நாலு வண்டி. இஞ்சினை அணைக்காமலே பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறோம் என்றீர்கள். பெட்டியில் என்ன என்று கேட்டேன். “கூடாரத் துணின்னு எழுதியிருக்கு. துணி அவ்வளவு கனம் கனக்காது கேட்டியா” என்றீர்கள்.

பிறகு இறக்கை. போன தடவை திரும்பி வந்து பார்த்தால் இறக்கையில் ஓர் ஓட்டை, தகரம் வைத்து அடைத்தேன், பறவை மோதியது என்று எழுதச் சொன்னார்கள் என்றீர்கள். நானும், பறவையாக இருக்கலாமே என்று கேட்டேன். “இவ்வளவு வட்டமாட்டு எந்தப் பறவை இடிக்கும்?” என்று கேட்டீர்கள். விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். பாஸ்போர்ட் கேப்டனிடம், லீவு டிக்கெட் வந்தால்தான் கையில் தருவார் என்றீர்கள். கடைசியாக நீங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்காரன் இங்கிலீஷ்லதான் சொல்லுவான். அம்மைக்குப் புரியாது. ஜெஸி அழுதுகிட்டு நிப்பா. நீதான் அம்மைக்கிட்ட பதமா எடுத்துச் சொல்லணும்.” எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதற்காகவா என்னைப் படிக்க வைத்தார்கள்?

மறுநாளே உங்கள் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று ஹிஃப்ஸா சொன்னாள். என் மெசேஜ்கள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதை யாராவது படித்தார்களோ, நீங்கள் பேசியதை யாராவது கேட்டார்களோ, தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வருண் சார் என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஆபரேஷன்ஸ் மேலாளர், கோயம்புத்தூர்க்காரர், உங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்பியவர். உட்காரச் சொன்னார். இதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. “ஏனுங்க ஜெஸ்மி, நம்ம கம்பெனில தமிழ் ஆளுங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. அவங்க வீட்டுல யாருக்கும் இங்கிலீஷ் வராது. இனிமே வீட்டுக்கு எந்த நியூஸ் சொல்றதுன்னாலும் நீங்கதான் போன் பண்றீங்க” என்றார். என்ன மாதிரி நியூஸ் சார் என்று கேட்டேன். “நல்ல நியூஸ்னா அவங்களே சொல்லிக்குவாங்கல்ல” என்று சிரித்தார்.

அதோடு விடவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எண்டெபே–ஜூபா, வழக்கமான பயணம், ஒரு மணி பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். “அழற மாதிரி சொல்லாதீங்க. பஸ் லேட்டுன்னு சொல்ற மாதிரி சொல்லுங்க” என்று மறுபடியும் சொல்ல வைத்தார். ஏன் சார் என்னை என்றேன். “நீங்க அதிகம் பேச மாட்டீங்க. அதான்” என்றார். எழுந்து வரும்போது, “மாப்பிள்ளை அந்த பிளைட்லதானே இருக்காரு? நல்லா இருங்க ரெண்டு பேரும். விசா எல்லாம் ஆபீஸ்தான் பாத்துக்குது, ஞாபகம் இருக்கட்டும்” என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

அறைக்கு வந்து சுகிர்தராணி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேலி செய்யவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, “பாஸ்போர்ட் கையில வரணும்னா எமர்ஜென்சி லீவுதான் வழி. எமர்ஜென்சி லீவு வேணும்னா வீட்டுல யாராவது சாகணும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நான் எங்க மாமனார இதுவரைக்கும் ரெண்டு தடவ கொன்னாச்சு. மூணாவது தடவ ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போன் போட்டுட்டாவ. அவரே எடுத்து, ஆமா சார், செத்தது நான்தான்னு சொல்லிட்டாரு” என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியது.

புதன்கிழமை காலை, ஆபீசுக்குப் போகும் முன், கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து மாமியைக் கூப்பிட்டேன். உங்களைக் கேட்காமல் கூப்பிட்டது தப்பாக இருக்கலாம். ஆனால் வருண் சார் கொடுத்த அந்த வாக்கியத்தை ஒருநாள் மாமியிடம் நான் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்தபோது, அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மாமி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கத்தி சட்டியில் படும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வட்டமான ஓட்டை வரைக்கும். சத்தம் நின்றுவிட்டது.

“அப்போ பத்து நிமிஷம் இல்லியா?” என்று கேட்டார்கள்.

இல்லை மாமி என்றேன்.

“கோயில்ல எல்லாருட்டயும் சொல்லிப்போட்டேனே” என்றார்கள். அழுகிறார்களோ என்று பயந்தேன். இல்லை. லீவு எதற்குக் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். நெருங்கிய யாராவது இறந்தால்தான் என்றேன். “தகப்பன் இருந்தா அவர வச்சுச் சமாளிக்கலாம். அவரு முன்னமே போயாச்சு. இனி நான்தானே மிச்சம். நான் செத்துப்போனேன்னு சொல்லு” என்றார்கள்.

நான் முடியவே முடியாது என்றேன். அப்படிச் சொல்லாதீங்க மாமி, நாக்கில் வரக் கூடாத வார்த்தை என்றேன். அப்போதுதான் திட்டு விழுந்தது. “சாகப்போறது நானா நீயா? நான்தானே? பின்ன உனக்கு என்னட்டி வலிக்கு? எனக்க பிள்ள வீடு வந்து சேரணும். அதுக்கு நான் தெனமும் சாவேன்.” ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்க வேண்டுமே மாமி, வீட்டில் சாவு என்றால் எப்படி என்று கேட்டேன். “கம்பெனிக்காரனுக்குத்தானே நான் செத்தேன், சாமியாருக்கு இல்லியே. செத்தவ மொத பெஞ்சுல இருந்து கேப்பா, நீ பேடிக்காத” என்றார்கள்.

அன்று மதியம் நானே வருண் சார் அறைக் கதவைத் தட்டினேன். டெனிஷின் அம்மா காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார்கள், ஊரிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது என்றேன். உங்கள் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது இப்படி ஒரு பொய்யில். அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னேன், பஸ் லேட் என்கிற குரலில். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “போட்டோ இருக்கா?” என்றார். எனக்குப் புரியவில்லை. “எல்லாரும்தான் அம்மா செத்துட்டாங்கன்னு லீவு கேக்கறாங்க. பாடியோட போட்டோ இருந்தாத்தான் ஃபைல் நகரும்” என்றார்.

அதை மாமியிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடு அறையில் கட்டிலை இழுத்துப் போட்டு, கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்களாம். கதவைச் சாத்திவிட்டு ஜெஸி படம் எடுத்திருக்கிறாள். படம் கலங்கிக் கலங்கி வந்திருக்கிறது. மாமி கண்ணை மூடிக்கொண்டே, “மூக்குல பஞ்சு வைக்காம எடுத்தா எவன் நம்புவான், எடுத்துட்டு வாட்டி” என்று அதட்டினார்களாம். பஞ்சு வைத்த பிறகு ஜெஸி வாய்விட்டு அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டில் கேட்டுவிடும் என்று மாமி எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தியிருக்கிறார்கள். பொத்திய கையோடு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படம் என் போன் வழியாகத்தான் போனது. நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஓரமாகப் பார்த்ததே போதும். தூங்குகிற முகம் அப்படி இருக்காது. மாமி நன்றாகவே செய்துவிட்டார்கள். அந்தப் படத்தைத்தான் இன்று மாலை கேப்டன் போனில் உங்களுக்குக் காட்டுவார்கள். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் ஒரு இரவும் ஒரு பகலும் இருக்கிறது. அந்த நேரம் முழுக்க உங்களுக்கு அம்மா இல்லை. உங்களிடம் முன்னாலேயே சொல்ல எனக்கு வழியே கிடைக்கவில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் என் மேல் காட்டுங்கள், வந்த பிறகு.

இப்போது கேளுங்கள், இதுதான் முக்கியம். இன்று காலை லீவு கிடைத்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு. சனிக்கிழமைப் பயணத்தை முடித்துவிட்டுப் போகட்டும் என்றார் வருண் சார். அடக்கம் சார், எங்கள் ஊரில் மறுநாளே அடக்கம் செய்துவிடுவார்கள் என்றேன். “அப்ப எப்படி இருந்தாலும் முகத்தைப் பாக்க முடியாதுல்ல? ஒரு நாள் முன்னப் பின்ன போனா என்ன?” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர் ஒருவரிடம் எதிர்த்துப் பேசினேன். அம்மா இறந்த மனிதர் விமானத்தில் ஏறி எதைச் சரிபார்ப்பார், அவருக்குக் கண் தெரியுமா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, “வழக்கமான பயணம்தானேங்க, ஒரு மணி பத்து நிமிஷம்” என்றார்.

வெளியே வந்தபோது ஹிஃப்ஸா சொன்னாள், சனிக்கிழமைப் பயணத்துக்கு இதுவரை இல்லாத அளவுக்கு எரிபொருள் கேட்டிருக்கிறார்களாம். வழக்கமான இடத்தைவிடவும் தூரம் போகிறீர்கள். எவ்வளவு தூரம் என்று என்னால் கணக்குப் போட முடியும். போட்டும் பார்த்தேன். அந்தத் தூரத்தில் நடக்கும் சண்டையைத்தான் தினமும் செய்தியில் காட்டுகிறார்கள். போன வாரம் அங்கே ஓடுபாதையில் எரிந்து கிடந்த ஒரு சரக்கு விமானத்தைக் காட்டினார்கள். வால் மட்டும் மிச்சம். அதில் இருந்தவர்களின் பெயரை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஏறாதீர்கள். நான் கேட்பது இது ஒன்றுதான். நடிக்க உங்களுக்கு வராது என்று எனக்குத் தெரியும். நிச்சயத்தன்று என்னைப் பார்க்காத மாதிரி இருக்கத் தெரியாமல் பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டவர் நீங்கள். அதனால்தான் அழுத முகத்தை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே எழுதினேன். யாரிடமும் பேசாதீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால் போகாதீர்கள். கேப்டன் தோளில் கை போட்டு, ஒரே ஒரு பயணம் என்று கேட்டால், கை நடுங்குகிறது, என்னால் இஞ்சினில் கை வைக்க முடியாது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜெபசீலன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தெரியாமல் அவர் உங்கள் இடத்தில் ஏறிவிடக் கூடாது. அவர் முதலில் நம்பவில்லை. பிறகு அந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். “நான் போய் வண்டியப் பாக்கேன். பறக்க ஆவாதுன்னு மெக்கானிக் ரெண்டு பேரும் எழுதிட்டா, கேப்டன் இல்ல, அவனுக்க அப்பன் வந்தாலும் பறக்க முடியாது” என்றார். அவர் சொன்னது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. வேறு வழி ஏதும் இருந்தால் எழுதியிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள். ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேச விடாதீர்கள்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விசா போனால் போகட்டும். சுகிர்தராணி அக்கா என் பெட்டியை இப்போதே கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். வருண் சார் நாளைக்கு என்னை எந்த ஊருக்குப் போன் செய்யச் சொன்னாலும், அந்த வாக்கியத்தை நான் சொல்லப்போவதில்லை.

ஜெபசீலன் அண்ணன் கீழே காத்திருக்கிறார். முடிக்கிறேன். மாமி உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னார்கள். ஆசீர்வாதம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அதெல்லாம் நேரில், இப்போது இதை எழுது என்று அவர்கள் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

“மக்ளே, உயிரோட இருந்தப்ப நான் சொன்னத நீ ஒருநாளும் கேட்டதில்ல. செத்தவ சொல்லுகேன், இத மட்டும் கேளு. ஏறாத. வந்துரு.”

உங்கள்
ஜெஸ்மி